கேன் ஆற்றங்கரையின் மூன்று சாட்சிகள்

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் ஒரு சிறிய நகரம் இருக்கிறது. அதன் பெயரை ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் படித்தால் நாக்கு தடுமாறும். ஊர்க்காரர்களோ 'நாக்கடிஷ்' என்று மூன்றே அசையில் முடித்துவிடுகிறார்கள். மக்கள்தொகை 18 ஆயிரத்தைச் சுற்றித்தான் இருக்கும். ஆற்றோரம் செங்கல் பாவிய ஒரு கடைவீதி, இரும்புப் பின்னல் வேலை செய்த மாடிக் கைப்பிடிகள், டிசம்பரில் கரை நெடுக எரியும் வண்ண விளக்குகள், தெருமுனையில் சுடச்சுட இறைச்சிப் பணியாரம். ஒரு வார இறுதியைக் கழிக்க வருகிறவர்களுக்கு இவையே போதும். வந்து, சுற்றி, சாப்பிட்டு, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள்.

ஆனால் இந்த ஊரின் உண்மையான பெருமை கடைவீதியில் இல்லை. அது ஆற்றோடு தெற்கே போனால் வரும் பருத்தி வயல்களிலும், ஒரு கத்தோலிக்க ஆலயத்திலும், நகர நீதிமன்றத்தின் பழைய தாள்களிலும் இருக்கிறது. அந்தப் பெருமைக்குப் பெயர் கிரியோல் மரபு. அதைக் காணச் செல்பவர் எதைப் பார்க்க வேண்டும், யார் சொல்வதை நம்ப வேண்டும் என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி. முந்நூறு ஆண்டுகளில் இதற்குப் பலர் பல விதமாக விடை சொல்லியிருக்கிறார்கள். அவற்றை ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்ப்போம்.

ஆறு விட்டுப்போன ஊர்

1714இல் லூயி ஜூஷரோ தெ சான் தெனி என்ற பிரெஞ்சுக்காரர் சிவப்பாற்றின் கரையில் இந்தக் குடியிருப்பை அமைத்தார். நியூ ஓர்லியன்ஸ் தோன்றியது இதற்கு நான்கு ஆண்டுகள் கழித்துத்தான். 1803இல் அமெரிக்கா பிரான்சிடமிருந்து விலைக்கு வாங்கிய பெருநிலப்பரப்பு முழுவதிலும் ஐரோப்பியர் நிலையாகத் தங்கிய மிகப் பழைய ஊர் நாக்கடிஷ்தான். ஊரின் பெயர் அங்கே முன்பே வாழ்ந்த கேடோ இனத்துப் பழங்குடி மக்களுடையது. அவர்களோடு வணிகம் செய்யவே பிரெஞ்சுக்காரர்கள் வந்தார்கள்.

மேற்கே சுமார் 20 கிலோமீட்டரில் ஸ்பானியர்கள் லாஸ் அதாயெஸ் என்ற காவல்நிலையை எழுப்பினார்கள். பிரெஞ்சுக்காரர்களைத் தடுக்கவே அது எழுந்தது. பல பத்தாண்டுகள் அன்றைய ஸ்பானிய டெக்சாசுக்கு அதுவே தலைநகராகவும் இருந்தது. தாள் அளவில் இரண்டு அரசுகளும் பகை. தரையில் இரண்டு ஊர்களும் பண்டமாற்று. ஊரை நிறுவிய சான் தெனியே ஸ்பானியப் பெண்ணான மனுவேலா சான்செஸ் நவாரோவை மணந்தவர். எல்லைக்கோடு அரசர்களுக்கு இருந்தது. அங்கே வாழ்ந்தவர்களுக்குப் பெண் எடுப்பதும் கொடுப்பதும், உப்பும் குதிரையும் துணியும் கைமாறுவதும் நடந்துகொண்டே இருந்தன. கிரியோல் மரபுக்கு விதை விழுந்தது இந்த எல்லையோர வாழ்க்கையில்தான்.

பிறகு ஆறு திசை மாறியது. சிவப்பாற்றில் நூற்றாண்டுக் கணக்கில் மரங்கள் விழுந்து சிக்கி, 100 மைலுக்கும் மேலாக நீண்ட ஒரு மரத்தடை உருவாகியிருந்தது. 'பெருந்தெப்பம்' என்று அதற்குப் பெயர். 1833 முதல் ஹென்றி மில்லர் ஷ்ரீவ் என்பவர் நீராவிப் படகுகளைக் கொண்டு அதை உடைக்கத் தொடங்கினார். 1830களில் ஆற்றின் முதன்மை ஓட்டம் கிழக்கே விலகிப்போக, நாக்கடிஷ் பழைய வாய்க்காலோடு நின்றுவிட்டது. அந்த வாய்க்கால்தான் இன்று 'கேன் ஆறு' என்று அழைக்கப்படும் ஏரி; சுமார் 35 மைல் நீளம். கப்பல் துறையின் செழிப்பு வடக்கே, அந்த ஷ்ரீவின் பெயராலேயே எழுந்த ஷ்ரீவ்போர்ட்டுக்குப் போய்விட்டது. ஊருக்கு அது இழப்பு. ஆனால் பணம் குறைந்த ஊரில் இடித்துக் கட்டுவதும் குறையும். பழைய வீடுகள் தப்பியதற்கு அந்த இழப்பும் ஒரு காரணம்.

கிரியோல் என்றால் யார்?

இந்தச் சொல் தமிழருக்கு முற்றிலும் புதியதல்ல. மொரீஷியசில் தமிழ் வம்சாவளியினர் பலர் அன்றாடம் பேசுவது கிரியோல் மொழி. புதுச்சேரியில் பிரெஞ்சு-இந்தியக் கலப்புக் குடும்பங்களைக் 'கிரியோல்' என்று சொல்வது வழக்கம். ஆனால் இடத்துக்கு இடம் இச்சொல்லின் பொருள் மாறும். லூசியானாவுக்குள்ளேயே அது ஒன்றாக இல்லை.

போர்த்துகீசிய, ஸ்பானிய மூலத்தில் அதன் பொருள் எளியது: கடல் கடந்து வந்தவர்களுக்குக் குடியேற்ற நாட்டிலேயே பிறந்த பிள்ளை. தொடக்கத்தில் அதில் நிறம் இல்லை. பிரெஞ்சுப் பெற்றோருக்கு லூசியானாவில் பிறந்தவரும் கிரியோல். ஆப்பிரிக்கப் பெற்றோருக்கு அங்கே பிறந்த அடிமையும் கிரியோல். உள்நாட்டில் விளைந்த தக்காளிக்கும் அதே பெயர்தான். 1803க்குப் பின் ஆங்கிலம் பேசும் அமெரிக்கர்கள் பெருகியபோது, பிரெஞ்சு பேசும் கத்தோலிக்கப் பழைய குடும்பங்கள் தங்களை வேறுபடுத்திக் காட்ட இந்தச் சொல்லைப் பற்றிக்கொண்டார்கள். உள்நாட்டுப் போருக்குப் பின் நிற வெறி இறுகியது. அப்போது வெள்ளைக் கிரியோல்கள் பலர், 'கிரியோல் என்றால் கலப்பில்லாத ஐரோப்பியர்' என்று பொருளை மாற்ற முயன்றார்கள். கலப்பு வம்சத்தினரோ அந்தப் பெயரை விட்டுக்கொடுக்கவில்லை.

கேன் ஆற்றங்கரையில் இன்று கிரியோல் என்றால், பெரும்பாலும் பிரெஞ்சு, ஆப்பிரிக்க, ஸ்பானிய, பழங்குடி இரத்தம் கலந்த, கத்தோலிக்க நெறியில் வளர்ந்த, ஒருவருக்கொருவர் உறவான குடும்பங்கள் என்று பொருள். கிரியோல் என்பது தோலின் நிறத்தைக் குறிக்கும் சொல் என்று நினைத்துக்கொண்டு இந்த ஊருக்குப் போகிறவர் முதல் படியிலேயே வழி தவறுவார். மதம், மொழி, உறவு, ஊர் நான்கும் சேர்ந்தால்தான் அந்தச் சொல் நிறைகிறது.

முதல் சாட்சி: தாள்

நாக்கடிஷ் நீதிமன்றத்தில் பிரெஞ்சு, ஸ்பானிய ஆட்சிக்கால ஆவணங்கள் பாதுகாக்கப்பட்டுள்ளன. விற்பனை, அடமானம், திருமணம், விடுதலை என்று எதுவானாலும் அலுவலர் முன் எழுதிப் பதிய வேண்டும் என்பது அந்த ஆட்சிகளின் வழக்கம். மனிதரை விற்றதையும் அதே ஒழுங்கோடு எழுதிவைத்தார்கள். அந்தக் கொடுமையின் தாள்களிலிருந்துதான் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண்ணின் வாழ்க்கை நமக்குக் கிடைத்திருக்கிறது.

அவர் பெயர் மரி தெரெஸ் குவான்குவான். 1742இல் சான் தெனியின் வீட்டில் அடிமைப் பெற்றோருக்குப் பிறந்தார். ஊரை நிறுவியவரின் குடும்பம்தான் அவரை உடைமையாக வைத்திருந்தது. பின்னர் அந்தக் குடும்பத்தின் மகள் ஒருவர் அவரை குளோத் தொமா பியேர் மெத்துவாயே என்ற பிரெஞ்சு வணிகருக்கு வாடகைக்கு விட்டார். மனிதரை வாடகைக்கு விடும் காலம் அது. மெத்துவாயேக்கும் அவருக்கும் பத்துப் பிள்ளைகள் பிறந்தார்கள். 1777இல் ஊர்ப் பாதிரியார் இந்த உறவு ஊருக்கே இழுக்கு என்று அதிகாரிகளிடம் முறையிட்டார். மறு ஆண்டு மெத்துவாயே அவரை விலைக்கு வாங்கி விடுதலை செய்தார்.

1786இல் இருவரும் பிரிந்தார்கள். மெத்துவாயே ஒரு வெள்ளைப் பெண்ணை மணக்கவிருந்தார். குவான்குவானுக்குக் கிடைத்தது 68 ஆர்பான் நிலமும் ஆண்டுக்கு 120 பியாஸ்தர் உதவித்தொகையும். ஆர்பான் என்பது ஏக்கரைவிடச் சற்றுக் குறைந்த பிரெஞ்சு அளவு. அப்போது அவருக்கு வயது 44. அந்த நிலத்தில் அவர் புகையிலை பயிரிட்டார். காட்டில் கரடி பிடித்து அதன் கொழுப்பை உருக்கி விற்றார். சேர்த்த காசில் தம் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் ஒவ்வொருவராக விலை கொடுத்து மீட்டார். 1802இல் தமக்கு வரவேண்டிய ஆண்டுத் தொகையை விட்டுக்கொடுத்து, மெத்துவாயேயின் கையில் அடிமையாகவே இருந்த மீதிப் பிள்ளைகளின் விடுதலையைப் பெற்றார். பெற்ற தகப்பனிடமிருந்தே பிள்ளைகளை மீட்க ஒரு தாய் விலை பேச வேண்டியிருந்தது என்பதை அந்தத் தாள்கள் எந்தச் சலனமும் இல்லாமல் பதிவு செய்கின்றன.

குவான்குவானைப் பற்றி மூன்று விதமான பார்வைகள் உண்டு. முதலாவது, 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுத்தாளர்கள் வளர்த்த கதை. புகழ்பெற்ற மெல்ரோஸ் தோட்டத்தையே அவர்தான் உருவாக்கினார், அங்கே அரசிபோல் வாழ்ந்தார் என்று அது சொல்லும். பல ஆண்டுகள் சுற்றுலா வழிகாட்டிகள் சொன்னது இதைத்தான்.

இரண்டாவது, ஆவணங்களைத் துருவியவர்களின் பார்வை. கேரி மில்ஸ் 1977இல் வெளியிட்ட 'மறக்கப்பட்ட மக்கள்' என்ற நூலும், அவருடைய மனைவி எலிசபெத் ஷோன் மில்ஸ் பின்னர் செய்த ஆய்வுகளும் அந்தக் கதையைத் திருத்தின. மெல்ரோஸ் நிலம் குவான்குவானின் மகன் லூயி மெத்துவாயேக்கு 1796இல் கிடைத்த 911 ஏக்கர் கொடை. தாயின் நிலம் வேறிடத்தில் இருந்தது. வியப்பு என்னவென்றால், அந்த நிலத்தைப் பெற்றபோது லூயி சட்டப்படி இன்னும் அடிமைதான். அவருக்கு விடுதலை கிடைத்தது 1802இல்.

மூன்றாவது பார்வை, இன்னும் கசப்பான ஒரு கேள்வியைக் கேட்கிறது. குவான்குவானே பின்னாளில் அடிமைகளை வைத்திருந்தார். அவருடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பிரெவெல் தீவு என்ற பகுதியில் ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலத்தைச் சேர்த்து, நாட்டிலேயே செல்வம் மிகுந்த சுதந்திரக் கலப்பினக் குடும்பங்களுள் ஒன்றாக உயர்ந்தார்கள். அந்த நிலத்தை உழுதவர்கள் யார்? அவர்கள் விலைக்கு வாங்கிய அடிமைகள். அந்த அடிமைகளின் பெயர்களை எந்தச் சுற்றுலாப் பலகையிலும் பெரிய எழுத்தில் காண முடிவதில்லை.

இந்த மூன்றில் எதை ஏற்பது? முதலாவதை விட்டுவிடலாம், அழகான கதை, ஆனால் ஆதாரமில்லை. இரண்டாவதை ஏற்கத்தான் வேண்டும். மூன்றாவதையும் சேர்த்துக்கொள்ளாவிட்டால் இரண்டாவது நிறைவு பெறாது. குவான்குவானின் உழைப்பும் துணிவும் பெரியவை. அந்த உழைப்பு தழைத்தது அடிமை முறை என்ற மண்ணில்தான் என்பதும் அதே அளவுக்கு உண்மை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும் நேர்மை வேண்டும்.

இரண்டாம் சாட்சி: செங்கல்

1994இல் அமெரிக்க நாடாளுமன்றம் கேன் ஆற்றுக் கிரியோல் தேசிய வரலாற்றுப் பூங்காவை உருவாக்கியது. ஓக்லாண்ட், மக்னோலியா என்ற இரண்டு பருத்தித் தோட்டங்களின் பகுதிகள் அதில் அடங்கும். நுழைவுக் கட்டணம் கிடையாது. ஓக்லாண்ட் தோட்டம் பல தலைமுறைகள் புருதோம் குடும்பத்தின் கையில் இருந்தது. 1821இல் கட்டி முடித்த அதன் பெரிய வீடு செங்கல் தூண்கள்மேல் உயர்ந்து நிற்கிறது. வெள்ளத்துக்கும் ஈரத்துக்கும் அஞ்சி அப்படித் தூக்கிக் கட்டினார்கள். சுற்றிலும் அகன்ற திண்ணை. மரச்சட்டங்களுக்கு நடுவே களிமண்ணையும் மரங்களில் தாடிபோல் தொங்கும் பாசியையும் குழைத்து அடைத்த சுவர். இதற்குப் 'பூசியாஜ்' என்று பெயர். முன்னால் ஓக் மரச் சாலை, பூப்பாத்திகளுக்குக் கரையாகத் தலைகீழாகப் புதைத்த பழைய புட்டிகள், புறாக்கூண்டுக் கோபுரங்கள். பார்க்க அழகான இடம்.

மக்னோலியாவில் காண வேண்டியது வேறு. அங்கே 8 செங்கல் வீடுகள் வரிசையாக எஞ்சி நிற்கின்றன. அடிமைகளுக்காகக் கட்டியவை. மற்ற தோட்டங்களில் அடிமைக் குடிசைகள் மரத்தால் ஆனவை. மழையும் கறையானும் அவற்றுள் பெரும்பாலானவற்றைத் தின்று முடித்துவிட்டன. இங்கே செங்கல் என்பதால் நிற்கின்றன. ஒரு வீட்டுக்குள் போய் நின்று பாருங்கள். நடுவில் ஒரே சுவர். அதில் இரு பக்கமும் திறந்த அடுப்பங்கரை. சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் ஒரு குடும்பம், ஒரே புகைபோக்கி. ஓர் அறைக்குள்தான் சமையலும் உறக்கமும் பிள்ளைப்பேறும் சாவும். பக்கத்தில் பருத்தியை அழுத்திப் பொதியாக்கும் மாபெரும் மரத் திருகு இன்னும் கொட்டகைக்குள் நிற்கிறது. அங்கே விளைந்த செல்வம் எந்தக் கைகளின் வழியாகப் போனது என்பதை விளக்க வேறு சொற்பொழிவு வேண்டாம். வீட்டுக்கும் திருகுக்கும் இடையே நடந்து பார்த்தாலே போதும்.

1864 வசந்தத்தில் உள்நாட்டுப் போரின் சிவப்பாற்றுப் படையெடுப்பு தோற்றுத் திரும்பியபோது, வடபடையினர் கேன் ஆற்றங்கரையை எரித்துக்கொண்டே போனார்கள். மக்னோலியாவின் பெரிய மாளிகை அந்தத் தீயில் போயிற்று. இன்றைய மாளிகை 1890களில் கட்டியது. அடிமைகளின் செங்கல் வீடுகள் தப்பின. போர் முடிந்து விடுதலை வந்தது. ஆனால் நிலம் வரவில்லை. முன்னாள் அடிமைகள் அதே வீடுகளில் இருந்துகொண்டு அதே வயலை வாரத்துக்கு உழுதார்கள். விதையும் துணியும் மாவும் தோட்டக் கடையில் கடனுக்கு வாங்கி, அறுவடைக்குப் பின் கணக்குப் பார்த்தால் கையில் மிச்சம் இருக்காது; அடுத்த ஆண்டும் அங்கேதான் இருக்க வேண்டும். 20ஆம் நூற்றாண்டின் நடுவில் பருத்தி பறிக்கும் இயந்திரம் வந்த பிறகே அந்த வாழ்க்கை முடிந்தது. அடிமைக் காலம் 1865இல் முடிந்தது என்று பள்ளிப் பாடம் சொல்லும். அது முடிய எவ்வளவு காலம் பிடித்தது என்பதை அந்தச் செங்கல் வீடுகளின் சுவரில் ஏறிய பிற்காலத்துப் பூச்சு சொல்கிறது.

மூன்றாம் சாட்சி: சாயம்

லூயி மெத்துவாயேயின் மெல்ரோஸ் 1847இல் கடனில் மூழ்கி வெள்ளைக் குடும்பத்தின் கைக்குப் போனது. பின்னர் ஹென்றி குடும்பத்திடம் வந்தது. அக்குடும்பத்துக் கேமி ஹென்றி பழைய கட்டடங்களைக் காப்பாற்றி, எழுத்தாளர்களையும் ஓவியர்களையும் வரவழைத்துத் தங்க வைத்தார். அங்கே இருக்கும் ஒரு கட்டடத்துக்கு 'ஆப்பிரிக்க வீடு' என்று பெயர். கீழே செங்கல், மேலே சைப்ரஸ் மரம், சுவரைத் தாண்டி நாற்புறமும் குடைபோல் நீளும் பெருங்கூரை. அது ஆப்பிரிக்கக் கட்டட நினைவா, பிரெஞ்சு நாட்டுப்புறக் களஞ்சிய மரபா என்று அறிஞர்களுக்குள் இன்றும் வழக்கு உண்டு. எந்தப் பக்கம் வழக்கு முடிந்தாலும், அந்தக் கூரையைத் தூக்கிய கைகள் ஆப்பிரிக்கக் கைகள்.

இந்தத் தோட்டத்தில் கிளமென்டைன் ஹண்டர் என்ற பெண் வேலை பார்த்தார். 1886 இறுதியிலோ 1887 தொடக்கத்திலோ பிறந்தவர். சிறுவயதில் கிரியோல் பிரெஞ்சு பேசி வளர்ந்தார். பள்ளிக்கூடம் போய்ப் படித்ததில்லை என்றே சொல்லலாம். பருத்தி பறித்தார், பிறகு சமையலறையில் வேலை செய்தார். ஐம்பது வயதைத் தாண்டிய பின், விருந்தினராக வந்த ஓவியர் ஒருவர் விட்டுச்சென்ற வண்ணக் குழாய்களை எடுத்து, பழைய சன்னல் திரை ஒன்றில் படம் வரைந்தார். அன்று தொடங்கி, 1988இல் நூறு வயதைத் தாண்டி இறக்கும்வரை அவர் வரைந்தவை ஆயிரக்கணக்கில் உண்டு. அட்டை, புட்டி, சுரைக்குடுக்கை, எது கிடைத்தாலும் வரைந்தார்.

1955இல் ஆப்பிரிக்க வீட்டின் மாடிச் சுவர் முழுவதும் மரப்பலகைகளில் அவர் வரைந்த ஓவியங்கள் இன்றும் அங்கே உள்ளன. ஒரு பலகையில் பருத்தி பறிக்கிறார்கள். ஒன்றில் துணி துவைக்கிறார்கள். ஒன்றில் ஆற்றில் ஞானஸ்நானம் நடக்கிறது. வெள்ளை உடை உடுத்தியவர்கள் வரிசையாகத் தண்ணீருக்குள் இறங்குகிறார்கள். திருமணம், சவ ஊர்வலம், சனிக்கிழமை இரவுக் குடிக்கூத்து, எல்லாம் உண்டு. தூரத்தில் இருப்பது சிறிதாகத் தெரிய வேண்டும் என்ற இலக்கணத்தை அவர் மதிக்கவில்லை. எது முக்கியமோ அது பெரிதாக இருக்கும். பெரிய மாளிகையின் எசமானர்கள் அந்தச் சுவரில் கதாநாயகர்கள் ஆகவில்லை. தோட்டத்தில் உழைத்தவர்கள் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே வரைந்துவைத்த அரிய பதிவு இது. தாளில் உழைப்பாளிகள் விலைப்பட்டியலாக வருகிறார்கள். செங்கலில் அவர்கள் பெயரின்றி இருக்கிறார்கள். சாயத்தில்தான் முகத்தோடும் நடையோடும் சிரிப்போடும் வருகிறார்கள்.

அதே 1955இல் உள்ளூர்க் கல்லூரியில் அவருடைய ஓவியக் கண்காட்சி நடந்தது. நிறப் பிரிவினைச் சட்டம் இருந்த காலம். வெள்ளைப் பார்வையாளர்கள் இருக்கும்போது அவர் உள்ளே வர முடியாது. கூடம் மூடியிருந்த நேரத்தில், தெரிந்தவர் ஒருவர் பின்வழியாக அவரை உள்ளே அழைத்துச் சென்று அவருடைய படங்களையே அவருக்குக் காட்டினார். 1986இல் அதே நிறுவனம், பல்கலைக்கழகமாக வளர்ந்த பிறகு, அவருக்குக் கௌரவ முனைவர் பட்டம் அளித்தது. இடையில் 31 ஆண்டுகள்.

ஊர் எதைக் காட்டுகிறது?

இனி கடைவீதிக்கு வருவோம். அங்கே ஒரு நல்ல நகரம் இருக்கிறது, மறுப்பதற்கில்லை. 1863இல் தொடங்கிய இரும்புக்கடை இன்றும் வியாபாரம் செய்கிறது. ஊர்க்காரரான ராபர்ட் ஹார்லிங், நீரிழிவால் இளம் வயதில் இறந்த தம் தங்கையை நினைத்து எழுதிய 'ஸ்டீல் மக்னோலியாஸ்' நாடகம் 1989இல் இதே தெருக்களில் எடுத்த படமாக வெளிவந்து, உலகெங்கும் இந்த ஊரைக் கொண்டுசேர்த்தது. 1927 முதல் கிறிஸ்துமஸ் விளக்குத் திருவிழா நடக்கிறது. மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் வெங்காயமும் மிளகும் சேர்த்து வதக்கி, நம் சோமாசு வடிவில் மடித்து எண்ணெயில் பொரிக்கும் இறைச்சிப் பணியாரம் மாநிலத்தின் அதிகாரபூர்வ உணவுகளில் ஒன்று. ஒரு காலத்தில் கறுப்பினச் சிறுவர்கள் அதைத் தெருத்தெருவாகக் கூவி விற்றார்கள்.

விளக்குத் திருவிழா தொடங்கிய அதே 1927இல் ஆற்றோரம் இன்னொன்றும் எழுந்தது. தொப்பியைக் கையில் பிடித்து, தலை குனிந்து வணங்கி நிற்கும் ஒரு கறுப்பின முதியவரின் வெண்கலச் சிலை. பணிவாகவும் விசுவாசமாகவும் உழைத்த கறுப்பினத்தவருக்கு நன்றி சொல்வதாக அதை நிறுவியவர் உள்ளூர் வங்கியாளர் ஒருவர். பணிந்து நடந்தால்தான் நன்றி என்பதே அதன் உட்பொருள். அந்த மரியாதையை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கறுப்பின மக்களிடமே நாற்பது ஆண்டுகள் அது சொல்லிக்கொண்டு நின்றது. குடிமை உரிமைப் போராட்டத்தின் சூட்டில் 1968இல் அகற்றப்பட்டது. இன்று பேட்டன் ரூஜ் நகரில் ஓர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

விளக்குகள் நிலைத்தன, சிலை போய்விட்டது. அதனால் ஊர் திருந்திவிட்டது என்று முடிவுகட்டுவது அவசரம். விழாவும் படமும் பலகாரமும் மகிழ்ச்சியான நினைவுகளை மட்டும் விற்பவை. அவை தவறல்ல, ஆனால் அவை மட்டுமே ஊரின் முகமானால், 35 மைல் ஆற்றங்கரையின் வரலாறு ஒரு தெருவாகச் சுருங்கிவிடும்.

சில சாட்சிகள் திரும்பி வரவே மாட்டா. இந்தக் கரையின் கிரியோல் மக்களைத் தம் கதைகளில் எழுதிய கேட் ஷோப்பேன் 1879 முதல் சில ஆண்டுகள் கீழ்க்கரையிலுள்ள குளூத்தியேர்வில் கிராமத்தில் வாழ்ந்தார். அவருடைய வீடு அருங்காட்சியகமாக இருந்து 2008இல் தீயில் அழிந்தது. காப்பதில் இன்று காட்டும் சோம்பலை நாளை சரிசெய்ய வழியில்லை என்பதற்கு அந்த வெற்று மனையே பாடம்.

உயிரோடு இருக்கும் மக்கள்

பிரெவெல் தீவில் புனித அகுஸ்தீன் ஆலயம் இருக்கிறது. குவான்குவானுக்கும் மெத்துவாயேக்கும் பிறந்த மூத்த மகன் நிக்கொலா அகுஸ்தேன் மெத்துவாயே தம் குடும்பத்தோடு எழுப்பியது. முதல் ஆலயம் 1829இல் அருச்சிக்கப்பட்டது. கலப்பின மக்கள் தங்களுக்காகத் தாங்களே கட்டிய கத்தோலிக்க ஆலயங்களில் அமெரிக்காவிலேயே மிகப் பழையது இது என்பர். இன்றைய கட்டடம் 20ஆம் நூற்றாண்டினது. அகுஸ்தேனின் உருவப்படத்தில், நல்ல கோட்டு அணிந்த அந்தப் பெரியவர் ஒரு கையால் பின்னணியில் தெரியும் ஆலயத்தைச் சுட்டிக்காட்டுகிறார். அடிமையாகப் பிறந்த ஒருவர் தாம் கட்டியதை உலகுக்குக் காட்டும் படம் அது.

நிறப் பிரிவினைக் காலத்தில் இந்த மக்கள் இரண்டு பக்கமும் இடிபட்டார்கள். வெள்ளையர் பள்ளியில் இடமில்லை. முன்பிருந்த தனி அந்தஸ்தும் பறிபோனது. வேலை தேடி ஹூஸ்டன், சிகாகோ, லாஸ் ஏஞ்சல்ஸ் என்று பலர் பெயர்ந்தார்கள். பிரெஞ்சுப் பேச்சு தலைமுறைக்குத் தலைமுறை தேய்ந்தது. ஆனாலும் ஆண்டுதோறும் அக்டோபரில் நடக்கும் ஆலயத் திருவிழாவுக்கு உறவினர்கள் ஊர் ஊராக வந்து சேர்கிறார்கள். அங்கே குடும்பப் பெயர் கேட்டால் போதும், யார் யாருக்கு என்ன முறை என்று பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். கிரியோல் மரபு கண்ணாடிப் பெட்டிக்குள் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

முடிவாக

சிறு நகரத்தின் பழைமையைக் காணப் போகிறவர் அங்கே எஞ்சியதைத்தான் பார்க்கிறார். எது எஞ்சியது என்பதை முடிவு செய்தவை பணமும் அதிகாரமும். எழுதத் தெரிந்தவன் தாளை விட்டுச்சென்றான். பணம் இருந்தவன் மாளிகையை விட்டுச்சென்றான். உழைத்தவர்கள் விட்டுச்சென்றவை பெரும்பாலும் மண்ணோடு போய்விட்டன. நாக்கடிஷின் சிறப்பு, மூன்று இடங்களில் அந்த விதி தவறியிருக்கிறது என்பதுதான். எழுத்தறியாத பெண் தாளில் வாழ்கிறார். அடிமைகளின் வீடு செங்கலில் நிற்கிறது. சமையல்காரியின் கண் சுவரில் திறந்திருக்கிறது. அமெரிக்கத் தெற்கில் இம்மூன்றும் ஒரே ஆற்றங்கரையில் கிடைக்கும் இடங்கள் மிகக் குறைவு.

ஆகவே அங்கே போக நேரும் வாசகருக்கு ஒரு வேண்டுகோள். நியூ ஓர்லியன்சிலிருந்து காரில் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கோடை வெயில் கடுமை, எனவே வசந்தத்திலோ இலையுதிர் காலத்திலோ போங்கள். போனதும் கடைவீதியில் இறங்காதீர்கள். முதலில் ஆற்றோடு தெற்கே போங்கள். மக்னோலியாவின் செங்கல் வீட்டுக்குள் கொஞ்ச நேரம் பேசாமல் நில்லுங்கள். மெல்ரோசின் மாடியில் ஹண்டரின் பலகைகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். புனித அகுஸ்தீன் ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் மெத்துவாயே என்ற பெயர் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். மாலையில் ஊருக்குத் திரும்பி, ஆற்றங்கரையில் உட்கார்ந்து இறைச்சிப் பணியாரம் சாப்பிடுங்கள். அப்போது எரியும் விளக்குகளின் அழகும் குறையாது. அந்த வெளிச்சத்துக்கு விலை கொடுத்தவர்கள் யார் என்பதும் மறக்காது.